நாலு முழக் குளிர்

அன்புச்செல்வியைச் சுற்றி நாலு முழத் தூரத்துக்கு எப்போதும் மார்கழி மாதமாகவே இருந்தது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஆடி மாதக் காலை ஒன்றில், சங்ககிரிப் பக்கத்துக் கிராமமொன்றில் புகுந்த வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அது வந்து சேர்ந்தது. விளக்குமாற்றைப் பிடித்த விரல்கள் விறைத்தன. வாயைத் திறந்தால் புகை வந்தது. குறுக்கே ஓடிய கோழி அவளருகே வந்ததும் இறகை உப்பிக்கொண்டு சற்று நின்றுவிட்டு வேறு பக்கம் போனது. ஊரில் காரணம் தேடினார்கள். டவுன் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தைராய்டு இல்லை, சோகை இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அன்றைக்கு மின்வெட்டு என்பதால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகும்படியும் கேட்டுக்கொண்டார். குறி சொல்பவர் பாழுங்கிணற்றில் எட்டிப் பார்த்திருப்பாள் என்றார். போர்வெல் ரிக்கோடு வடக்கே போயிருந்த புருஷன் ஜெயபிரகாஷ், பூமிக்குள் குழாய் இறங்க இறங்க ஈரக்காற்று மேலே வரும், அதில் கொஞ்சம் போன தடவை தன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம் என்று ஃபோனில் சொன்னான். சில மாதங்களில் காரணம் கேட்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

வீட்டில் மாமியார் சென்னியம்மாளும் அவளும்தான். சென்னியம்மாளுக்கு மூட்டுவலி. மருமகள் சோறு போடக் கிட்டே வந்தால் முழங்கால்களை யாரோ கவ்விப் பிடிப்பது போலிருக்கும்; அவள் விலகிப் போனால் விட்டுவிடும். அதனால் அன்புச்செல்வி வட்டிலை எட்டத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொள்வாள், சென்னியம்மாள் நகர்ந்து வந்து எடுத்துக்கொள்வாள். இரண்டு பேரும் வாசலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக இருந்து பேசிக்கொண்டார்கள், ஒரே தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தார்கள், ஒருவர் குறையை ஒருவர் சொல்லாமல் இருந்தார்கள். ஆனால் குளிர் சுவரைத் தாண்டியது. பக்கத்து அறையில் படுத்தாலும் கிழவியின் கட்டில் சில்லிட்டது. இரண்டாவது தை மாதத்தில் சென்னியம்மாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"உம்மேல எனக்கு ஒரு குத்தமும் இல்ல சாமி. ஆனா இந்தக் குளுரோட நீ இங்கயே இருந்தீன்னா நான் செத்துப்போயிருவேன்."

ஜெயபிரகாஷ் விடுப்பில் வந்தான். பானிபட்டிலிருந்து அம்மாவுக்கு ஒரு கம்பளியும் தனக்கு இரண்டும் வாங்கி வந்திருந்தான். மனைவிக்கும் அம்மாவுக்கும் நடுவே எதுவும் சொல்லத் தெரியாமல் பத்து நாள் கம்பளிக்குள் கிடந்தான். ரிக் கிளம்பியதும் அவனும் போனான். அடுத்த நாள் அன்புச்செல்வி ஒரு பையோடு சேலம் பஸ் ஏறினாள். பனமரத்துப்பட்டியில் அவள் பிறந்த வீட்டில் அப்போது தம்பி மனைவிக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அங்கே போவதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

சூரமங்கலத்தில், ஜங்ஷனை ஒட்டிய சந்துகளில் அவள் குடியிருக்காத வீடு குறைவு. பங்குனி பிறந்தால் வீட்டுக்காரர்களே தேடி வந்து சாவி கொடுத்தார்கள். மாடி ஓட்டில் வெயில் கொதிக்கும்போது அவள் கீழ்வீட்டில் இருந்தால் போதும், மேல்வீட்டில் குழந்தைகள் தூங்கின. ஐப்பசி மழை விழுந்ததும் சுவர் வியர்க்க ஆரம்பிக்கும், மூலைகளில் பச்சை பூக்கும், பக்கத்து வீட்டில் துவைத்த துணி காயாது. அப்போது அதே வீட்டுக்காரர்கள் தயங்கித் தயங்கி வந்து காலி செய்யச் சொல்வார்கள். டவுன் பஸ்ஸிலும் அப்படித்தான். வெயில் காலத்தில் அவளைச் சுற்றி நிற்க இடிபட்டார்கள், கார்த்திகையில் மூன்று பேர் சீட்டில் தனியாக உட்கார்ந்து போனாள். அவளுக்கும் ஓர் இடத்தில் ஒட்டவில்லை. சற்று நேரம் அசையாமல் இருந்தால் உள்ளங்காலில் ஒரு நமைச்சல் கிளம்பும். எழுந்து நாலு தெரு நடந்தால்தான் அடங்கும். பாதிச் சோற்றில் எழுந்து போவாள். கோவிலில் தீபாராதனை காட்டும்போது வெளியே வந்துவிடுவாள். ரயில் சத்தம் கேட்டால் எந்த ஊர் வண்டி என்று தெரியாமலேயே மனசு அதன் பின்னால் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பும்.

கந்தப்பனின் பேக்கரிக்கு அவள் பாத்திரம் கழுவத்தான் போனாள். அங்கே முட்டை பப்ஸும் காய்கறி பப்ஸும் போட்டார்கள், வெயில் காலம் முழுக்க அவை தட்டையாகவே வந்தன. மைதா மாவை விரித்து, நடுவில் வெண்ணெய்ப் பாளத்தை வைத்து மூடி, உருட்டித் தேய்த்து, மூன்றாக மடித்து, திருப்பிப் போட்டு மறுபடி தேய்க்க வேண்டும். மாவுக்கும் மாவுக்கும் நடுவில் வெண்ணெய் தனி ஏடாக நின்றால்தான் அடுப்புக்குள் ஒவ்வொரு ஏடும் பிரிந்து எழும்பும். சேலத்து ஏப்ரலில் இரண்டாவது மடிப்பிலேயே வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடும். கந்தப்பன் அந்த அறைக்கு ஏசி வைத்துப் பார்த்தார், மாவு காய்ந்து வெடித்தது. ஒரு நாள் அன்புச்செல்வி கழுவிய தட்டுகளை அடுக்குவதற்காக மேஜைப் பக்கம் வந்து நின்றாள். உருகத் தொடங்கியிருந்த வெண்ணெய் மாவுக்குள்ளேயே திரும்ப இறுகியது. மேஜையில் மாவு தேய்த்துக்கொண்டிருந்த கலைமணி தலை நிமிர்ந்து பார்த்து, அங்கேயே நிற்கும்படி சொன்னாள். அந்தத் தட்டு பப்ஸ் ஒரு சாண் உயரம் எழும்பியது. அடுத்த நாளிலிருந்து பாத்திரம் கழுவ வேறு ஆள் வந்தது.

கலைமணி அவளைவிடச் சில வயது மூத்தவள், ஒரு முறைக்கு இரண்டு முறை புருஷனை விட்டு வந்தவள், பேச்சு குறைவு. மடிப்பதை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வருஷத்தில் அன்புச்செல்வியின் கை அவள் கையைத் தாண்டிவிட்டது, அதைக் கலைமணியே எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் அன்புச்செல்வியால் செங்கல் அடுப்பை நெருங்க முடியாது. அவள் கிட்டே போனால் விறகு கரியாகிப் புகைந்தது. அதனால் இவள் மடித்தாள், அவள் சுட்டாள். பிற்பகலில் அடுப்பு வேலை முடிந்து முகமெல்லாம் வெந்துபோய்க் கலைமணி வந்து இவளருகே நிற்பாள்; கொஞ்ச நேரத்துக்கு இரண்டு பேருக்கும் உடம்பு இயல்பான உடம்பாக இருக்கும். பழம் வைக்கும் யோசனை அந்த நேரத்தில் வந்ததுதான். சுட்ட ஏடுகளைக் குறுக்கே பிளந்து, இவளருகே வைத்து அடித்த கிரீமைத் தடவி, நடுசாலை மாம்பழத்தைத் துண்டு போட்டு அடுக்கி, மேலே இன்னோர் ஏட்டை மூடிச் சர்க்கரைப்பொடி தூவினார்கள். மாம்பழம் முடிந்தால் பன்னீர் திராட்சை, அதுவும் போனால் மாதுளை. கடித்தால் முதலில் நொறுங்கும் சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிடும். கந்தப்பன் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் எழுதி மாட்டினார். ஊர் பழ பப்ஸ் என்றே கூப்பிட்டது. கடையை விட்டு எடுத்துப் போனால் வெயிலில் கிரீம் வழிந்துவிடும் என்பதால் வாங்கியவர்கள் அன்புச்செல்வியைச் சுற்றி நின்றே தின்றார்கள். ரயில்வே அலுவலகத்துக்காரர்கள் மதியத்தில் கோப்புகளோடு வந்து நின்றார்கள்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. பிறகு வந்த கோடையில், அக்னி நட்சத்திரத்தின் நடுவில், நாமக்கல்லில் லாரிகள் வைத்திருக்கும் குழந்தைவேல் தன் ஒரே மகள் நித்யஸ்ரீயின் கல்யாண வரவேற்புக்குப் பழ பப்ஸ் கேட்டார். கந்தப்பன் அதுவரை வாங்காத அளவு பெரிய ஆர்டர் அது. வரவேற்புக்கு முந்தின நாள் காலையில் மாவு மடிக்கத் தொடங்கினால்தான் முடியும். அன்று காலை மாவைப் பிசைந்து வைத்துவிட்டு அன்புச்செல்வி கை துடைத்துக்கொண்டிருக்கையில் சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒரு பங்காளி பைக்கில் வந்தார். சென்னியம்மாள் இறந்துவிட்டாள். விடியற்காலையில் கட்டிலில் கிடந்தாள், இரண்டு நாளாக வெக்கை வெக்கை என்று புலம்பிக்கொண்டிருந்தாள், தண்ணீர்கூட இறங்கவில்லை, வெயில்தான் கொண்டுபோய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஊரில் கரண்ட் இல்லை. டவுனிலிருந்து வந்த ஃப்ரீசர் பெட்டி சும்மா கிடக்கிறது, ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. ஜெயபிரகாஷ் சத்தீஸ்கரிலிருந்து கிளம்பியிருக்கிறான், வந்து சேர நாளை மறுநாள் ஆகும். பங்காளி அவளை வரச் சொல்லிக் கேட்கவில்லை. அவளுடைய குளிரில் நின்று வியர்வை அடங்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தான் அந்த வீட்டில் இருந்திருந்தால் கிழவிக்கு மூட்டு வலித்திருக்கும், ஆனால் செத்திருக்க மாட்டாள் என்று அன்புச்செல்வி நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் மேலங்கியைக் கழற்றியிருந்தாள். கந்தப்பன் குறுக்கே வந்து நின்றார். கெட்ட மனிதரில்லை, அந்த நேரத்தில் அவருக்கு மாவு மட்டும் கண்ணில் தெரிந்தது. உன்னை வெளியே அனுப்பினவங்கதானே, நாளைக்கு ராத்திரி போய்த் துக்கம் விசாரித்தால் ஆகாதா என்றார். அவள் மேலங்கியை மடித்து மேஜைமேல் வைத்தாள். கலைமணிதான் பேசினாள்.

"மொதலாளி, எழவு ஊட்டுல அடுப்புத்தான் பத்த வெக்கக் கூடாது. மாவு மடிக்க நெருப்பு எதுக்குங்க?"

கந்தப்பன் மாவுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு தானே வேன் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிக் கடைக்குள் போனார்.

சென்னியம்மாளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அன்புச்செல்வி தலைமாட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஈக்கள் போயின, மாலைகளில் பூ வாடுவது நின்றது, கிழவியின் முகம் தூக்கத்தில் இருப்பது போல ஆனது. அழ வந்த பெண்கள் ஒவ்வொருவராக நெருங்கி உட்கார்ந்தார்கள். வெளியே பறை வெயிலில் காய்ந்து டங்கென்று ஒலித்துக்கொண்டிருந்தது. கூடத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் தானியம் போட்டு வைக்கும் சிறிய அறை; அதில் பலகை போட்டுக் கலைமணி மாவை விரித்தாள். சுவரைத் தாண்டி வந்த குளிர் அவளுக்குப் போதுமாக இருந்தது. ஒரு மடிப்பு முடிந்ததும் சுவரைத் தட்டுவாள். அன்புச்செல்வி திரும்பித் தட்டுவாள். மாவு ஆறும்வரை கலைமணியும் கூடத்துக்கு வந்து ஒப்பாரியில் சேர்ந்துகொள்வாள். இரவுக்குள் மடிப்பு முடிந்தது, கிரீமும் அடித்தாயிற்று. ஐஸ் பெட்டிகளில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கலைமணி சூரமங்கலத்து அடுப்புக்குப் போனாள். வீட்டுப் பெண்களுக்கு அது தெரியும். அவர்களில் இரண்டு பேர் மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார்கள்.

அன்புச்செல்விக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. எழக் கூடாது. எழுந்து அந்தப்பக்கம் நடந்தால் அந்த வெக்கை கிழவியை எடுத்துக்கொள்ளும். உள்ளங்காலில் நமைச்சல் கிளம்பி முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது, காதுக்குள் ஏதோ ரயில் கூவியது. பாய்க் கோரைகளை விரலால் பிய்த்துக்கொண்டே இருந்தாள். காலைக் கட்டிப்போடும்படி ஒரு தடவை பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள், அவள் தமாஷ் என்று நினைத்துக்கொண்டாள். தன் வாழ்க்கையில் அவள் இத்தனை நேரம் ஓரிடத்தில் இருந்ததில்லை. அதுவும் சென்னியம்மாளுக்கு இத்தனை கிட்டத்தில்.

இரண்டாம் நாள் பின்மாலையில் சென்னியம்மாளுக்கு நடுக்கம் வந்தது. முதலில் தாடை ஆடியது, பிறகு தோள், பிறகு கட்டியிருந்த கால் கட்டைவிரல்கள். கூடத்திலிருந்தவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். "அதுக்கு எப்பவுமே குளுரு ஆவாதுங்க," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அன்புச்செல்வி கையை நீட்டி, பெட்டிக்குள் பானிபட் கம்பளி இருக்கும், எடுத்துத் தரும்படி கேட்டாள். கம்பளியை மாலைகளுக்கு மேலேயே போர்த்தி, கழுத்துப் பக்கம் காற்றுப் புகாமல் செருகிவிட்டாள். நடுக்கம் மெதுவாக நின்றது. அவளுடைய உள்ளங்கால் நமைச்சலும் அப்போதே நின்றது. அதை அவள் மறுநாள்தான் கவனித்தாள்.

மூன்றாம் நாள் காலை ஜெயபிரகாஷ் வந்தான். சட்டையில் இன்னும் கல்தூசி இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான், கம்பளியைப் பார்த்தான், அழுதான். பிறகு குளிருக்குள் வந்து மனைவிக்குப் பக்கத்தில் கம்பளி எதுவும் இல்லாமல் உட்கார்ந்தான். பல் கிட்டியது.

"அம்மா கடைசியில ஏதாச்சும் சொல்லுச்சா?"

"நான் வாரதுக்கு முந்தியே போயிட்டாங்க. குளுருதுன்னு மட்டும் காட்டுனாங்க."

"நான் அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்," என்றான் அவன். எந்த அன்றைக்கு, என்ன வார்த்தை என்று அவள் கேட்கவில்லை. சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும்போது பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்ப வேண்டும். சென்னியம்மாளை எடுத்த பிறகு அன்புச்செல்வி எழுந்தாள், கால்கள் மரத்துப்போயிருந்தன, அவன்தான் தோளில் பிடித்துத் தெருமுனைக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டுப் பாடையைத் தூக்க ஓடினான்.

அதற்கு முந்தின இரவே நாமக்கல்லில் வரவேற்பு முடிந்திருந்தது. பழ பப்ஸ் அதுவரை இல்லாத உயரத்துக்கு எழும்பியிருந்தது என்று பரிமாறியவர்கள் சொன்னார்கள். மணப்பெண் மேடையிலிருந்தபடியே நான்கு தின்றாள், பட்டுச் சேலையெல்லாம் ஏடு உதிர்ந்தது, ஃபோட்டோக்காரர் துடைக்கச் சொல்லிச் சலித்துப்போனார். குழந்தைவேல் கந்தப்பனைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து அவருடைய டிரைவர் ஒருவர், தன் சொந்தத்தில் ஒரு துக்கம் என்று வைத்திருந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அவர் பார்க்க நேர்ந்தது. மாலைகளுக்கு நடுவே ஒரு பெரியம்மா. தலைமாட்டில் ஒரு பெண். அறைக்கதவு திறந்திருந்த இடத்தில், பேக்கரி பெயர் போட்ட மேலங்கியோடு, மாவு தேய்க்கும் இன்னொரு பெண்.

குழந்தைவேல் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அது அவருடைய வழக்கமில்லை. கந்தப்பனிடம் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். கந்தப்பன் தனக்கு எதுவும் தெரியாது என்றார். அன்புச்செல்வி மேஜையை விட்டு வந்து நின்றாள்.

"எழவு ஊட்டுலயா செஞ்சீங்க, என் புள்ள கல்யாணத்துக்கு?"

"ஆமாங்க. எங்க அத்தை தலைமாட்டுல இருந்துதானுங்க."

குளிரில் அவருடைய மூக்குக்கண்ணாடி பனித்துப்போனது. கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு போனார். அவர் யாரிடமும் சொன்னாரா என்று தெரியாது, ஆனால் ஒரு வாரத்துக்குள் சேலமும் நாமக்கல்லும் அறிந்திருந்தன. ரயில்வேக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். பெட்டி பெட்டியாக மாம்பழம் அழுகியது. அதே சமயம் வேறு வகை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கண் சிவந்து, செருப்பைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு, மகன் துபாயிலிருந்து வர வேண்டும், ஃப்ரீசர் பெட்டி கிடைக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டார்கள். அவள் எல்லோருடனும் போனாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கந்தப்பன் அவளை நிறுத்தினார். நிறுத்தும்போது அழுதார். கலைமணி தன் மேலங்கியையும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

நமைச்சல் திரும்பி வந்திருந்தது, முன்னைவிட அதிகமாக. இறந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அடங்கும். மற்ற நேரமெல்லாம் அவள் சூரமங்கலத்துத் தெருக்களில் நடந்துகொண்டே இருந்தாள், நாய்கள் அவள் குளிருக்குள் நடக்கப் பழகிக்கொண்டு கூடவே வந்தன. ஆடிக்குள் இரண்டு வீடு மாற்றியாயிற்று. மூன்றாவது வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கலைமணி சொன்னாள்: "நிக்கற எடத்துலதானே ஈரம் ஏறுது. நிக்காமப் போயிட்டே இருந்தா?"

ஜெயபிரகாஷ் ரிக் வேலையை விட்டுவிட்டு அம்மா வீட்டில் தனியாக இருந்தான். வாரம் ஒரு முறை ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வந்து வாசலோடு போவான். கலைமணி அவனிடம் பேசினாள். அவன் பழைய ஈச்சர் லாரி ஒன்றைப் பிடித்து, உடலை இரும்புத் தகடால் அடைத்து, கடைசியில் கேஸ் அடுப்பும் முன்பக்கம் கருங்கல் மேஜையும் வைத்துக் கட்டினான். அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவில் ஐந்து முழம் விட்டான். வண்டியை அன்புச்செல்வியிடம் காட்டிவிட்டு, ஓட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டான். ஓட்டலாம், ஆனால் கேபினுக்கும் குளிர் வரும் என்றாள் அவள். தெரியும் என்றான். உச்சி வெயிலில் ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டுக்கொண்டு லாரி ஓட்டுகிற ஆளைச் சோதனைச்சாவடிப் போலீஸார் முதல் சில தடவை இறக்கி விசாரித்தார்கள். பிறகு கைகாட்டி அனுப்பப் பழகினார்கள்.

வண்டி எங்கும் ஒரு நாளுக்கு மேல் நின்றதில்லை. மேட்டூர் அனல்மின் நிலையத்து வாசலில் மாலை ஷிப்ட் விடும்போது இருக்கும், பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் மறுநாள் இருக்கும், எடப்பாடிச் சந்தையில் இருக்கும், திருச்செங்கோட்டில் ரிக் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கும். வழியில் சாவு விழுந்தால் மட்டும், எடுக்கும்வரை அங்கேயே நிறுத்துவார்கள். முதல் மாதங்களில் பழ பப்ஸ் வாங்க வந்தவர்கள், துக்க வீட்டிலிருந்து வந்த வண்டியா என்று கேட்டுக்கொண்டு வாங்கினார்கள். கோடை வந்த பிறகு கேட்பது குறைந்தது. கந்தப்பனேகூட ஒரு மதியம் டவுன் பஸ்ஸில் வந்து, கடைசி வரிசையில் நின்று வாங்கித் தின்றுவிட்டு, உப்பு ஒரு சிட்டிகை கூட என்று கலைமணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சித்திரையில் நித்யஸ்ரீக்கு ஆறாம் மாதம். நாமக்கல்லில் அப்பா வீட்டில் இருந்தாள். சோறு இறங்கவில்லை, இறங்கியதும் தங்கவில்லை. கேட்டால், தன் வரவேற்பில் தின்றது வேண்டும் என்றாள். குழந்தைவேல் சேலத்துக் கடைகளிலிருந்து ஏழெட்டு விதமாக வாங்கிக் கொடுத்தார். ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டாள். கடைசியில் அவரே டிரைவரோடு காரில் கிளம்பினார். பனமரத்துப்பட்டியில் வண்டி நேற்றே போய்விட்டது என்றார்கள். திருச்செங்கோட்டில் காலையில் இருந்தது என்றார்கள். எடப்பாடியில் நின்ற இடத்தில் தரை மட்டும் ஈரமாக இருந்தது. லாரிகளை நாடு முழுக்க அனுப்பி வைத்த மனிதர், ஒரு வண்டியைத் தேடி இரண்டு நாள் அலைந்து, மேட்டூருக்கு மேலே நீர்த்தேக்கக் கரையில், பந்தல் போட்ட ஒரு மீன்காரர் வீட்டு முன்னால் அதைக் கண்டார்.

அன்புச்செல்வி உள்ளே மீன்காரரின் தலைமாட்டில் இருந்தாள். குழந்தைவேல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றார். கண்ணாடி பனித்தது. அவள் அவரை அடையாளம் கண்டுகொண்டு, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். அவர் சொன்னார்.

"நாளைக்குப் பொழுதோட இவரு பையன் வந்துருவாருங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்க முடியாது," என்றாள் அவள். "இருந்து வாங்கிட்டுப் போறதுன்னா நாளைக்குச் செஞ்சு தாரேன். அவசரம்னா இங்கதான் மடிக்கோணும்."

குழந்தைவேல் இறந்தவரைப் பார்த்தார். வலை இழுத்துத் தடித்த கைகள். மனைவி காலடியில் உட்கார்ந்து வந்திருப்பவர் யார் என்று தெரியாமல் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார்.

"இங்கயே மடிங்க," என்றார்.

கலைமணி சுவருக்குப் பின்னால் பலகை போட்டாள். அவர் வெளியே போகவில்லை; சுவரோரம் பெண்களுக்கு எட்டத்தில் உட்கார்ந்தார். இரண்டு நாள் வெயிலில் அலைந்த உடம்பு அந்தக் குளிரில் தளர்ந்தது. சுவரில் தட்டும் சத்தமும் திரும்பத் தட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. நடுவில் தூங்கிப்போனார்; மடித்ததைக் கலைமணி வண்டி அடுப்பில் சுட்டாள். எழுப்பிப் பெட்டியைக் கையில் கொடுத்தபோது, மீன்காரர் மனைவிக்கும் ஒன்று கொடுக்க வேண்டும், காலையிலிருந்து பட்டினியாக இருக்கிறாள் என்றார். அவள் ஏற்கெனவே ஒன்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

நாமக்கல் வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏசியை முழுசாக வைத்து, மெதுவாக ஓட்டச் சொல்லி வந்தார். நித்யஸ்ரீ கட்டிலில் சாய்ந்தபடி முதல் பழ பப்ஸைத் தின்று முடிக்கும்வரை பேசவில்லை. நெஞ்சில் உதிர்ந்த ஏடுகளையும் விரலால் ஒற்றி எடுத்துத் தின்றாள். பிறகு எங்கே செய்தது என்று கேட்டாள். பொய் சொல்லலாமா என்று அவர் நினைத்தார், ஆனால் சொல்லிவிட்டார்: மேட்டூருக்கு மேலே, ஒரு மீன்காரர் வீட்டில், அவர் தலைமாட்டில்.

"பாவம். வயசானவருங்களாப்பா?"

"எம்பட வயசு இருக்கும்."

அவள் இரண்டாவதை எடுத்தாள். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டதோ என்னவோ, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"வைகாசியில வளைகாப்புக்கு அவங்களையும் வரச் சொல்லுங்கப்பா. பந்தல்ல நடுவுல உக்கார வெச்சுட்டா ஃபேனே வேண்டியதில்லை."

"சொல்லலாம் சாமி," என்றார் குழந்தைவேல், தானும் ஒன்றை எடுத்து, சட்டையில் உதிராமல் கையேந்திக் கடித்துக்கொண்டே. "அன்னிக்கி எங்கியும் எழவு ஏதும் விழுவாம இருக்கோணும்."